கப்பல் ஐந்து முறை ஊதினால் என்ன அர்த்தம் தெரியுமா?

நடுக்கடலில் சிக்னல் கம்பம் கிடையாது, டிராஃபிக் போலீஸ் கிடையாது, மிதித்தால் நிற்க பிரேக்கும் கிடையாது! பிறகு எப்படிக் கப்பல்கள் முட்டிக்கொள்ளாமல் போய் வருகின்றன? 1972-ல் வகுக்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் அமலில் இருக்கும் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள்தான் காவல். அவற்றுக்குள் எத்தனை ஆச்சரியங்கள்!

மூன்று ஊதல் என்ன சொல்கிறது தெரியுமா?
ஒரு குறு ஊதல் என்றால் "வலப்பக்கம் திரும்புகிறேன்." இரண்டு என்றால் "இடப்பக்கம்." மூன்று என்றால் "எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன்." கப்பலே பின்னால் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள்! எஞ்சின் பின்னோக்கி இயங்கினாலும், வந்த வேகத்தில் பெரிய கப்பல் வெகுதூரம் முன்னே போய்த்தான் நிற்கும். படபடவென்று ஐந்து ஊதினால்? "நீ என்ன செய்யப் போகிறாய் என்றே புரியவில்லை!" என்ற எச்சரிக்கை!

ஒதுங்க வேண்டியது யார் தெரியுமா?
கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எஞ்சின் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எதிர்க்கப்பலைத் தன் வலப்பக்கத்தில் காண்பது ஒதுங்க வேண்டும். இரவில் அதன் கண்ணில் படுவது எந்த விளக்கு? சிவப்பு!

மூடுபனியில் மணி அடிப்பார்கள், தெரியுமா?
ஓடும் எஞ்சின் கப்பல் 2 நிமிடத்துக்கு ஒருமுறையாவது 4 முதல் 6 விநாடி நீள ஊதல் கொடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி மிதந்தால் இரண்டு நீள ஊதல். பாய்மரக் கப்பலும் மீன்பிடி கலமும் ஒரு நீள ஊதல், இரண்டு குறு ஊதல். நங்கூரமிட்டு நின்றால் நிமிடத்துக்கு ஒருமுறை 5 விநாடி மணியோசை. 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல் என்றால் முன்பக்கம் மணி, பின்பக்கம் சேகண்டி! இரண்டையும் கேட்டால் போதும். கண்ணுக்கே தெரியாத கப்பல் 100 மீட்டருக்குக் குறையாதது என்று பிடிபட்டுவிடும்!

கப்பல் பெரிதானால் குரலும் கட்டையாகும், தெரியுமா?
200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஹாரன் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஒலிக்க வேண்டும். 75 மீட்டருக்குக் குறைந்த கப்பலுக்கு 250 முதல் 700 வரை! ஓசையை வைத்தே வருவது பெரிதா சிறிதா என்று கணித்துவிடலாம். கனடாவின் பார்ட்ரிட்ஜ் தீவில் 1859-ல் நீராவி மூடுபனிச் சங்கை நிறுவ வழிகாட்டிய ராபர்ட் ஃபௌலிஸ், மூடுபனி இரவில் மகள் வாசித்த பியானோவின் கட்டைச் சுரங்கள் மட்டும் தூரத்தில் கேட்டதிலிருந்துதான் அந்த யோசனையைப் பிடித்தாராம்!

ஊதியும் மூழ்கிய கப்பலைத் தெரியுமா?
1914 மே 29. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் நதி. 'எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து' பயணிகள் கப்பலும், 'ஸ்டோர்ஸ்டாட்' என்ற நார்வே நிலக்கரிக் கப்பலும் ஒன்றன் விளக்கை ஒன்று பார்த்துவிட்டன. அதற்குள் மூடுபனி கவிந்தது. எம்ப்ரஸ் மூன்று முறை ஊதி, எஞ்சினைப் பின்னோக்கி இயக்கியது. ஆனாலும் ஸ்டோர்ஸ்டாட் அதன் விலாவில் பாய்ந்தது. 14 நிமிடத்தில் எம்ப்ரஸ் மூழ்கியது. 1,012 உயிர்கள் போயின.

இன்றைய விதி கண்டிப்பானது: முன்பக்கமிருந்து மூடுபனி ஊதல் கேட்டால், மோதும் அபாயமில்லை என்று உறுதியாகாதவரை, திசை தப்பாமல் செலுத்தப் போதுமான மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கியாக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம் எது தெரியுமா?
வழி உங்களுடையதாகவே இருக்கட்டும். எதிர்க்கப்பல் மட்டும் ஒதுங்கினால் மோதல் தவிராது என்ற கட்டம் வந்துவிட்டால், அதைத் தவிர்க்க நீங்களும் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்! "என் பக்கம்தான் நியாயம்" என்று நேரே போய் மோதுவதற்கு எந்தக் கப்பலுக்கும் உரிமை இல்லை. எவ்வளவு பெரிய சட்டம் இது!