கோட்டை பார்க்க வருபவர்களும் எங்கள் நீத்துப்பெட்டியும்

நூதனசாலை, பழைய கோட்டை என்றால் அது படித்தவர்களின் விடயம், அல்லது அரசாங்கத்தின் வேலை என்றுதான் எம்மில் பலர் நினைக்கிறோம். அடுப்பெரிய வழி தேடும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சீகிரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் ஒருவர் அங்கு நுழைவுச்சீட்டுக்கு மட்டும் 30 டொலருக்குக் குறையாமல் கொடுக்கிறார். அந்தப் பணம் 1980இல் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட மத்திய கலாசார நிதியத்துக்குப் போய், அகழ்வுக்கும் பாதுகாப்பு வேலைகளுக்கும் செலவாகிறது. அது தேவையான செலவே. ஆனால் அந்த ஊர்ப் பெண்ணின் கைக்கு வருவது சீட்டுக் காசு அல்ல. வந்தவர் சாப்பிட்ட சோறு, தங்கிய அறை, வாங்கிய பாய், குடித்த இளநீர் ஆகியவற்றின் காசே அவளுக்கு வருகிறது.

இனி எங்கள் பக்கம் வருவோம். யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் பெருப்பித்தார்கள். எங்கள் தலைமுறைக்கோ கோட்டை என்றால் 1990ஆம் ஆண்டு முற்றுகையும் ஷெல்லும்தான். உள்ளேயிருந்த ஒல்லாந்தர் தேவாலயமும் போரில் அழிந்தது. போர் முடிந்த பிறகு நெதர்லாந்தின் உதவியுடன் திருத்த வேலைகள் நடந்தன. 2009இன் பின் ஏ9 பாதையால் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து பார்த்துப் போகிறது.

பயந்து ஓடிய இடத்தைக் காட்டிப் பிழைக்கலாமா என்று எனக்கும் ஒரு நெருடல் இருந்தது. கோட்டைக்கு அருகே பனையோலைப் பொருள் விற்கும் ஒரு அக்காவிடம் கேட்டேன். கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். "பிள்ளை, அந்த நேரம் உந்தக் கோட்டையால நாங்கள் இழந்ததுதான் கனக்க. இப்பவாவது ஏதும் தரட்டுமன்" என்றார்.

அவரிடம் நீத்துப்பெட்டி, சுளகு, பனங்கட்டிக் குட்டான் எல்லாம் இருந்தன. விலையைக் கேட்டபோது மனம் பொறுக்கவில்லை. "சும்மா இருக்கிற நேரத்தில பின்னினது தானே" என்கிறார். சும்மா இருந்த நேரமா? குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, சாயம் போட்டு, பின்னி, ஓரம் கட்டி முடிக்க எவ்வளவு வேலை!

இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். அவரால் ஒரு நாளில் நாலு பெட்டி முடிக்க முடியும். வெங்காயத் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் நாட்கூலியை நாலாற் பிரித்து, ஓலைக்கும் சாயத்துக்கும் போன காசைச் சேர்த்தோம். அவர் விற்ற விலை அதில் பாதிகூட இல்லை. அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால் நட்டம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பேரம் பேசுகிறவர்கள் பேசட்டும், எங்கே நிறுத்துவது என்பது எமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்குபவருக்கு இன்னொரு குறை உண்டு. கையில் எடுத்துப் பார்க்கிறார், என்னவென்று தெரியாமல் வைத்துவிடுகிறார். நூதனசாலையில் ஒவ்வொரு பொருளின் கீழும் ஒரு சிறு குறிப்பு வைப்பார்களே, அதையே நாமும் செய்யலாம். "இது பிட்டு அவிக்கும் பெட்டி, பனங்குருத்தில் பின்னியது, யாழ்ப்பாணம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு துண்டில் எழுதிக் கட்டினால் போதும். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் எழுதித் தரும்.

தனியே இருந்து பின்னுகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்தால் பஸ் வரும் நேரங்களில் முறைவைத்து ஒருவர் விற்கலாம், மற்றவர்கள் பின்னலாம். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்துக்கும் ஒருமுறை போய், அங்கே எந்தப் பொருளுக்கு என்ன விலை என்று பார்த்து வாருங்கள். நல்லூருக்குப் போகிற நாளில் நாவலர் வீதியிலுள்ள நூதனசாலைக்குள்ளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கந்தரோடை எங்கே, அங்கே என்ன கிடைத்தது என்று வெளியூர்க்காரர் கேட்கும்போது, பெட்டி விற்கிற நீங்களே சொல்லலாம்.