சுற்றுக்காட்சிப் படமும் நிலைக்குத்துக் கோடும்

ஓரிடத்தில் நின்று கமராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்த பல படங்களைக் கணினியிற் பொருத்தி ஆக்கப்படும் நெடும்படம் பனோரமா எனப்படும். அடுத்தடுத்த இரு படங்களிலும் தோன்றும் ஒரே பொருளை, ஒரு பாறை நுனியையோ கூரை முனையையோ, இணைத்துக் குறிப்பனவே கட்டுப்பாட்டுப் புள்ளிகளாம். எல்முட் டெர்ஷ் என்னும் ஜெர்மானியர் 1998இல் தொடங்கிய மென்பொருளும், அதன்வழி வந்த ஹூகின் என்னும் இலவச மென்பொருளும் இம்முறையையே கையாளுகின்றன.

இப்புள்ளிகள் படங்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்வன. ஆயின், ஒட்டிய முழுப்படம் மட்டமாக நிற்கின்றதா என்பதை அவை காட்டா. கமரா சாய்ந்திருப்பின், முழுச்சுற்றுப் படத்தில் அடிவானம் ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்து அலைபோல் வளையும். கடற்கரையில் இதற்குத் தீர்வு எளிது. வானும் கடலும் கூடும் கோடே மட்டம் காட்டும்.

ஸ்பிரிங்வெளியில் அத்தகைய கோடு ஏது? 2036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலையின் சாரலில் அமைந்த தோட்டம் அது. அங்கே மலைமுகடு சாய்ந்து செல்லும். பாதை ஏறி இறங்கும். தேயிலை மலையின் கான்களும் நீர் வழிந்தோடச் சற்றே சரிந்திருக்கும். இவற்றுள் ஒன்றை மட்டமெனக் கொண்டால் மலை முழுவதும் பொய்யாகச் சாயும்.

எனவே மலைநாட்டில் நிலைக்குத்துக் கோடுகளையே நாடுதல் வேண்டும். சரிவு எத்துணைச் செங்குத்தாயினும் தூக்குக்குண்டு புவியீர்ப்பின் திசையையே காட்டும். தேயிலைத் தொழிற்சாலைச் சுவரின் மூலை போன்ற நேர்க்கோடொன்றின் மேல்நுனியில் ஒரு புள்ளியும் அடியில் ஒரு புள்ளியும் இட்டு, அது நிலைக்குத்தென மென்பொருளுக்கு அறிவித்தல் வேண்டும். ஒரு கோடு மட்டும் போதாது. கமராவின் சாய்வு பக்கவாட்டிலும் நேரும், முன்பின்னாகவும் நேரும். எதிரேயுள்ள கோடு பக்கச் சாய்வையே உணர்த்தும்; அதற்கு ஏறத்தாழ 90 பாகை விலகிய கோடே முன்பின் சாய்வை உணர்த்தும். நேர் முதுகுப்புறக் கோடோ முன்னையதையே மீண்டும் கூறும். மூன்றாவது கோடொன்று இருப்பின், அது பிழையறிய உதவும்.

இது வெறும் அழகுபற்றிய செய்தியன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று, இதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பகுதியில், மீரியபெத்தைத் தோட்ட லயன்களை மண்சரிவு புதைத்தது. நிலம் மெல்ல நகருமிடத்து மரங்களும் கம்பங்களும் சாய்வது அந்நகர்வின் அறிகுறிகளுள் ஒன்று. லயன்களுக்கு மேலுள்ள சரிவை ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்பிடுவோர், சாய்ந்த கம்பமொன்றை நிலைக்குத்தெனக் குறித்துவிட்டால், மென்பொருள் அதனை நிமிர்த்திக் காட்டும்; காணவேண்டிய அறிகுறி மறைந்துபோம். ஆதலின், குறிக்கப்படும் கோடு உறுதியான நிலத்தில் நிற்பதாயும், தூக்குக்குண்டினால் முன்னரே சோதிக்கப்பட்டதாயும் இருத்தல் வேண்டும். நேரென நாம் குறித்துக் கொடுப்பதையே கணினி நேரெனக் கொள்ளும். அது மெய்யா என்று ஆராய்வது மனிதன் கடன்.