கண்களை எண்ணினால் போதுமா?

காலையில் அம்மா காபி டிகாக்‌ஷன் இறக்கிய பிறகு, வடிகட்டியின் மேல் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அடித்தகட்டில் விண்மீன்களைப் போல் நூற்றுக்கணக்கான துளைகள் மின்னும். பிறகு தேநீர் வடிகட்டியை எடுத்துப் பாருங்கள். அதில் துளையிட்ட தகடு இருக்காது. மெல்லிய கம்பிகளை நெய்து செய்த வலை இருக்கும். இரண்டும் எவர்சில்வர்தான். இரண்டின் வேலையும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்றில் தகடும் மற்றொன்றில் வலையும் ஏன்?

விடை தேடி ஏற்காட்டுக்குப் போவோம், வாருங்கள்.

சல்லடை சொல்லும் விலை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்கள் தொடங்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். பறித்த பழத்தின் தோலை இயந்திரத்தில் நீக்கி, நொதிக்கவைத்துக் கழுவி, வெயிலில் உலர்த்துவார்கள். பிறகு பதப்படுத்தும் ஆலையில் கொட்டையின் மேலோட்டை நீக்கியபின், அதைச் சல்லடைகளில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரிப்பார்கள்.

இந்தச் சல்லடைகளுக்கு எண் உண்டு. 18ஆம் எண் சல்லடை என்றால் அதன் வட்டத் துளையின் விட்டம் 18/64 அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.1 மி.மீ. 17ஆம் எண் என்றால் 17/64 அங்குலம், ஏறத்தாழ 6.7 மி.மீ. முதலாவதில் தங்கும் கொட்டை ‘பிளாண்டேஷன் ஏஏ’ தரம். அதில் விழுந்து இரண்டாவதில் தங்குவது ‘ஏ’ தரம். வேறுபாடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் தரம் மாறினால் விலையும் மாறும்.

இப்போது யோசியுங்கள். டன் கணக்கில் கொட்டை உராய்ந்து உராய்ந்து துளை தேய்ந்து சற்றே பெரிதாகிவிட்டால் என்ன நடக்கும்? மேல் தரத்தில் தங்க வேண்டிய கொட்டை கீழ்த் தரத்தில் விழும். காபி கெட்டுப்போகவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் விளைவித்தவருக்கு நட்டம். ஆகவே சல்லடை தேயக்கூடாது, துருப்பிடிக்கக் கூடாது, துளை சொன்ன அளவில் இருக்க வேண்டும்.

தகட்டின் கதை

துருவைத் தடுப்பது குரோமியம். எஃகில் 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் அது கூடி மேற்பரப்பில் ஓர் ஆக்ஸைடு படலம் உண்டாகும். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்! கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே மீண்டும் வளர்ந்து மூடிக்கொள்ளும். பூசிய வண்ணத்துக்கு இந்தத் திறமை கிடையாது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி இத்தகைய எஃகு ஒன்றை உருக்கினார். நம் வீடுகளில் அதற்கு எவர்சில்வர் என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஏற்காட்டின் அடிவாரத்தில் சேலம் நகரம் இருக்கிறது அல்லவா? அதற்குத் தென்மேற்கே இரும்புத்தாதுக்குப் பெயர்பெற்ற கஞ்சமலை. அதனருகே சேலம் உருக்காலை அமைந்திருக்கிறது. 1970இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1981-82இல் எவர்சில்வர் தகடுகளை உருட்டத் தொடங்கிய ஆலை இது. எஃகை அங்கேயே உருக்கும் பிரிவு 2010இல் வந்தது.

எவர்சில்வரைக் குளிர்நிலையில் உருட்ட உருட்ட அது கடினமாகிக்கொண்டே போகும். கடினமான தகட்டை மெலிதாக்க ஒல்லியான உருளை வேண்டும். ஒல்லியான உருளை தகட்டைத் தொடும் பரப்பு குறைவு, அதனால் அழுத்தம் கூடும். ஆனால் ஒல்லியான உருளை வளைந்துவிடுமே? அதற்காக அதன் முதுகில் வேறு உருளைகளை வரிசை வரிசையாகத் தாங்கலாக வைக்கிறார்கள். செண்ட்ஸிமிர் ஆலை எனப்படும் இந்த அமைப்பில் மொத்தம் 20 உருளைகள். தகடு மிகவும் கடினமாகிவிட்டால் உலையில் சூடாக்கி மீண்டும் மென்மையாக்குவார்கள்.

இப்படிப் பெற்ற தகட்டை அச்சில் வைத்துக் குத்தினால் துளைத்தகடு கிடைக்கிறது. வட்டத் துளை மட்டுமல்ல, நீள்துளையும் குத்தலாம். உருண்டையான ‘பீபெரி’ காபிக் கொட்டையைத் தனியே பிரிப்பது நீள்துளைச் சல்லடைதான்.

ஆனால் குத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. பொதுவாகத் துளையின் விட்டம் தகட்டின் தடிமனை விடக் குறைந்தால் குத்தும் ஊசி முறிந்துவிடும். மிக நுண்ணிய துளை வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும். அந்த வழிதான் நெசவு.

கம்பியின் கதை

கம்பி வலைக்கு முதலில் வேண்டியது கம்பி. 5.5 மி.மீ. தடிமனுள்ள உருட்டுக் கம்பியைக் கடினமான அச்சின் துளை வழியே இழுப்பார்கள். அதைவிடச் சிறிய துளை, பிறகு அதையும்விடச் சிறியது என்று படிப்படியாகக் கம்பி மெலியும். மிக மெல்லிய கம்பிக்கு அச்சாகப் பயன்படுவது வைரம்! கம்பியிலிருந்து எதுவும் செதுக்கப்படுவதில்லை. மெலிந்த அளவுக்கு அது நீள்கிறது. 5.5 மி.மீ. கம்பியை 0.25 மி.மீ. ஆக இழுத்தால் விட்டம் 22இல் ஒரு பங்காகும். பருமன் மாறாததால் நீளம் 22 × 22 = 484 மடங்காகும். ஒரு மீட்டர் கம்பி ஏறக்குறைய அரைக் கிலோமீட்டராகிவிடும்!

அடுத்தது தறி. சேலத்து நெசவாளர் வீடுகளில் நீங்கள் காணும் அதே பாவும் ஊடையும்தான் இங்கும். நூலுக்குப் பதில் கம்பி. ஊடைக் கம்பி ஒரு பாவுக் கம்பிக்கு மேலும் அடுத்ததற்குக் கீழும் போனால் அது நேர் நெசவு. இரண்டுக்கு மேலும் இரண்டுக்குக் கீழும் போனால் சாய்வு நெசவு. துளையோடு ஒப்பிடும்போது கம்பி தடிமனாக இருந்தால் அடிக்கடி வளைவது கடினம். அப்போது சாய்வு நெசவு கைகொடுக்கும்.

ஒரே எண், இரு வலைகள்

கம்பி வலை வாங்கப் போனால் கடைக்காரர் “எத்தனை மெஷ் வேண்டும்?” என்று கேட்பார். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் இருக்கின்றன என்பதே அந்த எண். 18 மெஷ் என்றால் அங்குலத்துக்கு 18 கண்கள். கேட்டதும் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை 18ஆல் வகுத்தால் 1.41 மி.மீ. இது ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்த அளவு. கண்ணின் அளவு வேண்டுமானால் கம்பியின் தடிமனைக் கழிக்க வேண்டும்.

கம்பி 0.28 மி.மீ. என்றால் கண் 1.13 மி.மீ.
கம்பி 0.45 மி.மீ. என்றால் கண் 0.96 மி.மீ.

இரண்டுமே 18 மெஷ்தான்! இனி திறந்த பரப்பைப் பாருங்கள். கண்ணின் அளவை 1.41ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால், முதல் வலையில் நூற்றுக்கு 64 பங்கு திறப்பு, இரண்டாவதில் 46 பங்குதான். கொசுவை இரண்டும் தடுக்கும். ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் சன்னலில் அடிக்க எதை வாங்குவீர்கள்? காற்று வேண்டுமென்றால் முதலாவது, உறுதி வேண்டுமென்றால் இரண்டாவது. மெஷ் எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் எது வரும் என்று உங்களுக்குத் தெரியாது.

இதனால்தான் ஆய்வுக்கூடச் சல்லடைகளைக் கண்களின் எண்ணிக்கையால் அல்லாமல் துளையின் அளவால் குறிப்பிடுகிறார்கள். நம் நாட்டில் இவற்றுக்கான தரக்குறிப்பு ஐ.எஸ். 460. அதன் முதல் பகுதி கம்பி வலைச் சல்லடைக்கு, இரண்டாம் பகுதி துளைத்தகட்டுச் சல்லடைக்கு.

காந்தம் சொல்வது உண்மையா?

“காந்தம் ஒட்டினால் அது எவர்சில்வரே அல்ல” என்று சிலர் சொல்வார்கள். ஒரு ரூபாய் நாணயத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டும்! ஆனால் அந்த நாணயம் எவர்சில்வரால் ஆனது. இரும்பும் குரோமியமும் மட்டுமே முக்கியமாக உள்ள எவர்சில்வர் காந்தத்தால் ஈர்க்கப்படும். 430 என்ற ரகம் இத்தகையது. 18 பங்கு குரோமியத்துடன் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த 304 ரகம் ஈர்க்கப்படாது. அதையும் குளிர்நிலையில் வளைத்தாலோ இழுத்தாலோ ஓரளவு ஈர்க்கப்படும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான ரகங்களும் உண்டு. அவற்றில் காந்தம் ஒட்டாது, ஆனால் 304ஐ விட எளிதில் துருப்பிடிக்கும். ஆகவே காந்தத்தை நம்பாதீர்கள். ரகத்தின் எண்ணைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

எந்த ரகம் என்பதை இடமும் தீர்மானிக்கும். ஏற்காட்டின் பனிமூட்டத்துக்கு 304 போதும். கடலோரத்தில் உப்புக் காற்று படலத்தைக் குடைந்து குழிகளை உண்டாக்கும். அங்கே 2 விழுக்காட்டுக்குமேல் மாலிப்டினம் சேர்ந்த 316 நல்லது.

இனி கடையில் இப்படிக் கேளுங்கள்: “கண் 1.13 மி.மீ., கம்பி 0.28 மி.மீ., நேர் நெசவு, 304 ரகம், அகலம் ஒரு மீட்டர்.” எந்த ஊர் ஆலையில் நெய்தாலும் ஒரே வலைதான் வரும்.

நீங்களே அளந்து பாருங்கள்

ஒரு பழைய கம்பி வலைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கண்கள் என்று எண்ணுங்கள். பிறகு ஓரத்திலிருந்து ஒரு கம்பியை உருவி, நெளிவை நீவி நேராக்குங்கள். முனை கூராக இருக்கும், விரல் பத்திரம்! கம்பியைப் பென்சிலில் இடைவெளியின்றி நெருக்கமாக 20 சுற்றுச் சுற்றுங்கள். சுற்றுகளின் மொத்த அகலத்தை அளந்து 20ஆல் வகுத்தால் கம்பியின் தடிமன் தெரியும். 5.6 மி.மீ. வந்தால் கம்பி 0.28 மி.மீ. கண்ணின் அளவையும் திறந்த பரப்பையும் இனி நீங்களே கணக்கிடலாம். உங்கள் வீட்டுச் சன்னல் வலை நூற்றுக்கு எத்தனை பங்கு காற்றை உள்ளே விடுகிறது?