மேசைப்பந்து மட்டைக்கு விலைகூடிய இறப்பர் தேவையா?

குளிர்காலத்தில் வீட்டுக்குள் முடங்கிவிடும் எம்மவர்களுக்கு மேசைப்பந்து நல்ல தேகப்பயிற்சி. பேரனும் பாட்டனும் சேர்ந்தே விளையாடலாம். 2022 பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் சென்னையைச் சேர்ந்த சரத் கமல் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 40.

பிள்ளை ஆர்வம் காட்டியதும் பெற்றோர் பலர் மட்டைக்கு விலைகூடிய இறப்பராகத் தேடுகிறார்கள். சிலவற்றுக்கு ஒரு பக்கத்துக்கே 50 பவுணுக்கு மேல். அவை மிக வேகமானவை. புதியவர் அடித்தால் பந்து மேசைக்கு வெளியேதான் போகும். நாலு நாளில் பிள்ளைக்கு வெறுத்துவிடும். தொடக்கத்துக்கு 1.5 முதல் 1.8 மில்லிமீற்றர் பஞ்சுள்ள சாதாரண இறப்பர் போதும். யசாக்காவின் 'மார்க் வி' பல பத்தாண்டுகளாக விற்பனையாகிறது. சீனாவின் 'பிரெண்ட்ஷிப் 729' இன்னும் மலிவு. சற்றுப் பிசுபிசுப்பானதால் பந்தைச் சுழற்றிப் பழக உதவும்.

ஒட்டும் பசையில்தான் கவனம் வேண்டும். முன்பு வேகம் கூட்டுவதற்காக, ஆவியாகும் இரசாயனம் கலந்த பசையைப் பூசுவார்கள். அந்த ஆவி உடலுக்குக் கேடு என்பதால் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் 2008 இல் அதைத் தடைசெய்தது. பழைய பசை டின் எதையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். நீரைக் கொண்டு செய்த பசையையே கேட்டு வாங்குங்கள்.

விளையாடியதும் ஈரப்பஞ்சால் துடைத்து, காயவிட்டு, உறையில் வையுங்கள். ஹீற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம். இறப்பர் காய்ந்து வெடிக்கும். லண்டன் பூங்காக்களிலுள்ள மேசைகளில் தூசியும் ஈரமும் இருக்கும், அங்கே பழைய மட்டையே போதும். பந்தை இறப்பரில் அழுத்தி உருட்டும்போது பிடிப்பில்லாமல் வழுக்கினால், புதியது வாங்கலாம்.