தாய்ப்பாலில் இரும்பு சொற்பம். 6 மாதம் எப்படிப் போதும்?

ஒரு லீற்றர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஆனாலும் நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அது போதுகிறது. ஏன்? கர்ப்பத்தின் கடைசி 3 மாதங்களில் தாய் கொடுத்த இரும்பு பிள்ளையின் ஈரலில் சேமிப்பாக இருக்கிறது. பிறந்ததும் 1 முதல் 3 நிமிடம் பொறுத்துத் தொப்புள்கொடியை வெட்டினால் அந்தச் சேமிப்பு கூடும்.

6 மாதத்தில் கையிருப்பு கரையும். மூளையோ வேகமாக வளரும் காலம் அது. மசித்த சோற்றில் அவித்த ஈரல் ஒரு கரண்டி பிசைந்து ஊட்டுங்கள். பருப்பு, கீரை என்றால் சில சொட்டு தேசிக்காய்ச் சாறு விடுங்கள். இரும்பு நன்றாக உடலில் சேரும்.

மாத்தளை ரத்தோட்டை, எல்கடுவைத் தோட்ட லயங்களில் பிளேன்டீ கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். பிள்ளைக்கு ஒரு மடக்கும் வேண்டாம். தேயிலைச் சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. தாய்ப்பாலை 2 வயதுவரை நிறுத்தாதீர்கள், தாய்மாரே!