065 ஓர் எண்ணா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் நிலையான தொலைபேசி இலக்கங்கள் 065 என்றே தொடங்குகின்றன. எனினும் அவற்றுள் ஒன்றை முழுவெண்ணுக்கென அறிவிக்கப்பட்ட மாறியில் சேமித்தால், முன்னிற்கும் பூச்சியத்துக்குக் கணிதப் பெறுமதி இல்லாமையால் கணினி அதனை விட்டுவிடும். மாறி என்பது நினைவகத்தில் ஒரு பெறுமதிக்கென ஒதுக்கிப் பெயரிடப்பட்ட இடம். அங்கே எத்தகைய பெறுமதி இருக்கலாம், அதனைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பவற்றை வரையறுப்பது தரவு வகை.

வாவி மீன்பிடியைப் பதிவுசெய்யும் நிரலொன்றை எழுத முனையும் மாணவருக்கு அடிப்படை வகைகள் நான்கும் தேவைப்படும். பிடிபட்ட நண்டுகளின் எண்ணிக்கை முழுவெண். மாரியில் தணிந்து கோடையில் ஏறும் உவர்ப்பளவு தசமங்கொண்ட மெய்யெண். கல்லடி என்னும் இடப்பெயர் எழுத்துகளாலான சரம். மணல்திட்டு அடைக்கும் முகத்துவாரம் இன்று திறந்திருக்கிறதா என்பது உண்மை, பொய் என்னும் இரண்டையன்றி வேறெதனையும் ஏற்காத பூலியன்.

சாதாரண தர மாணவர் கற்றுவந்த பஸ்கால் மொழியில் மாறியின் பெயரையும் வகையையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதன் வழமையான முழுவெண் 16 பிட் அளவினதாக இருக்கும்போது உச்சப் பெறுமதி 32767 ஆகையால், தோணியொன்றின் பிடிபாட்டைக் கிராமில் கூட்டிச்செல்லும் நிரல், 33 கிலோவை எட்டுமுன்னரே மறை எண்ணொன்றைக் காட்டக்கூடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே இதில் மோசமானது.

உயர்தரத்தில் வரும் பைத்தன் முன்னறிவிப்பைக் கேட்பதில்லை. அதனால் வகையே இல்லையென எண்ணிவிடுவது தொடக்கநிலையினரின் வழக்கமான தடுமாற்றம். உண்மையில் அங்கே வகை பெயரோடன்றிப் பெறுமதியோடு வருகிறது. விசைப்பலகையில் தட்டப்படுவது எதுவாயினும் பைத்தன் அதனைச் சரமாகவே பெறுவதால், 12, 15 என இரு நிறைகளை உள்ளிட்டு, முழுவெண்ணாக மாற்றாமலே கூட்டுபவருக்கு 27 அன்றி 1215 கிடைக்கும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இன்னும் நுட்பமானது. பழைய வடிவத்தில் ஒன்பது இலக்கங்களின் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்து நின்றமையால் அது சரமாகவே இருந்தாக வேண்டியிருந்தது. 2016 இல் அறிமுகமான புதிய வடிவமோ பன்னிரண்டு இலக்கங்களால் மட்டும் ஆனது. 2147483647 ஐ உச்சமாகக் கொண்ட 32 பிட் முழுவெண்ணில் அது அடங்காது. 64 பிட் முழுவெண்ணில் தாராளமாக அடங்கும். ஆயினும் அடையாள இலக்கங்களைக் கூட்டிச் சராசரி காண்பார் எவருமிலர் ஆகையால், இப்போதும் அதற்குரிய வகை சரமே.