பேய்க்கதைப் பேரேடு

அச்சிட்டது 1,268 பிரதி. விலை 5 டாலர். முன்பணம் கட்டினால் மூன்றரை டாலர். அப்படி முன்கூட்டியே பணம் அனுப்பியவர்கள் 150 பேர்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சாக் சிட்டி என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் 1939-இல் தொடங்கிய ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகத்தின் முதல் கணக்கு இது. புத்தகம், எச். பி. லவ்கிராஃப்டின் 'தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்'. ஆசிரியர் 1937 மார்ச் 15 அன்று, 46 வயதில், பிராவிடன்ஸ் நகரில் காலமாகிவிட்டார். அவருடைய கதைகளைத் தொகுத்து எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் டெர்லத், டொனால்ட் வாண்ட்ரை என்ற இரண்டு இளம் எழுத்தாளர்கள் பெரிய பதிப்பகங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். டெர்லத்தின் நாவல்களை வெளியிட்டுவந்த ஸ்க்ரிப்னர்ஸ் மறுத்தது. சைமன் அண்ட் ஷூஸ்டரும் மறுத்தது. சொந்தமாகப் போடுவது என்று முடிவாயிற்று. வீடு கட்ட வங்கியில் வாங்கியிருந்த கடனில் ஒரு பகுதியை டெர்லத் அச்சகத்துக்குத் திருப்பிவிட்டார். லவ்கிராஃப்ட் தன் கதைகளுக்காகக் கற்பனை செய்த ஊரின் பெயரே பதிப்பகத்தின் பெயரானது.

5 டாலர் அன்றைக்கு என்ன பெறும்? கூட்டாட்சி அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 1939 அக்டோபரில்தான் மணிக்கு 25 சென்ட்டிலிருந்து 30 சென்ட்டாக உயர்ந்திருந்தது. அந்தக் கூலிக்கு வேலை பார்ப்பவர் இந்தப் புத்தகத்துக்காக 16 மணி 40 நிமிடம் உழைக்க வேண்டும். முழுதாக இரண்டு நாள் சம்பளம். அதே ஆண்டில் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் பேப்பர்பேக் நூல்களை விற்கத் தொடங்கியிருந்தது. ஒரு லவ்கிராஃப்ட் விலைக்கு இருபது புத்தகம் வாங்கலாம். அந்தக் கதைகள் முதலில் வந்த 'வியர்ட் டேல்ஸ்' இதழின் விலையும் அந்த ஆண்டில்தான் 15 சென்ட்டாகக் குறைந்தது. 33 இதழ் வாங்கிய பிறகும் 5 சென்ட் மிஞ்சும்.

இத்தனைக்கும் புத்தகம் 550 பக்கத்துக்கு மேல், 36 கதைகள், கெட்டி அட்டை, வர்ஜில் ஃபின்லே வரைந்த மேலுறை. பக்கத்துக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை. விலையில் குற்றம் சொல்ல முடியாது. வாங்கும் கைகள்தான் குறைவு.

150 பேர் மூன்றரை டாலர் வீதம் கொடுத்தது 525 டாலர். மீதி 1,118 பிரதியும் முழு விலைக்கு விற்றால் 5,590. கூட்டினால் 6,115 டாலர். இதுதான் உச்சவரம்பு. கடைக் கழிவு, தபால், விளம்பரம், அச்சுக்கூலி எல்லாம் இதற்குள்தான். விற்றுத் தீர நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த 1,118-ஐ நான்கு ஆண்டுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு ஐந்து பிரதி, சில வாரம் ஆறு. ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேகத்தில் பதிப்பகம் நடத்தினால் கடன் கொடுத்தவனுக்குத்தான் திகில் பிடிக்கும். டெர்லத் நடத்தினார். காரணம், அந்த வாரம் ஐந்து பேர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

அதை விளக்க லவ்கிராஃப்டின் சொந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மனிதர் கடைசி ஆண்டுகளில் தன் சாப்பாட்டுச் செலவை ஒரு கடிதத்தில் அரை சென்ட் சுத்தமாக எழுதிவைத்திருக்கிறார்:

காலை: ஒரு டோனட், ஒன்றரை சென்ட். கொஞ்சம் சீஸ், 6 சென்ட். காப்பியும் டின் பாலும் சர்க்கரையும், இரண்டரை சென்ட். ஆக 10.

இரவு: இறைச்சியும் பீன்ஸும் கலந்த ஒரு டின், 10 சென்ட். இரண்டு துண்டு ரொட்டி, இரண்டரை. காப்பி, இரண்டரை. ஒரு துண்டு கேக் அல்லது பை, 5 சென்ட். ஆக 20.

ஒரு நாளைக்கு 30 சென்ட், வாரத்துக்கு 2 டாலர் 10 சென்ட். மதியச் சாப்பாடு கணக்கிலேயே இல்லை. அவர் இறந்த பிறகே குறைந்தபட்ச மணிக்கூலியான அந்த 30 சென்ட், அவருக்கு ஒரு முழுநாள் சாப்பாடு.

வரவு எப்படி? 'தி டன்விச் ஹாரர்' கதைக்கு வியர்ட் டேல்ஸ் 240 டாலர் கொடுத்தது. அவருடைய சாப்பாட்டுக் கணக்குப்படி 800 நாள் ஓட்டலாம். ஆனால் வாடகை, துணிமணி, பயணம் எல்லாம் அதில்தான். 'அட் த மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' சுமார் 40,000 சொற்கள் கொண்ட குறுநாவல். 1931-இல் வியர்ட் டேல்ஸ் திருப்பி அனுப்பிவிட்டது. நாலு வருஷம் கழித்து 'அஸ்டவுண்டிங்' இதழ் 350 டாலருக்கு எடுத்தது. முகவருக்குப் பத்து சதவீதம் போக கைக்கு வந்தது 315. சொல்லுக்கு ஒரு சென்ட்கூட விழவில்லை. வாழ்நாளில் புத்தகமாக வந்தது ஒன்றே ஒன்று: 1936-இல் 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்'. சுமார் 400 பிரதிக்கு அச்சடித்து, பைண்டிங் செய்தது சுமார் 200. விலை ஒரு டாலர். அச்சுப்பிழை மலிந்து, தனியே பிழைத்திருத்தத் தாள் சேர்க்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவர் கை நிறையச் செலவழித்த ஒரே இனம் தபால்தலை. அவர் எழுதிய கடிதங்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதில் பாதியைத் தள்ளிவிடுவோம். மிச்சம் 50,000-க்கும் 2 சென்ட் போட்டால் ஆயிரம் டாலர். 1932 ஜூலையில் உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 3 சென்ட் ஆனது. ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு அது. அதனால்தான் ஒரு சென்ட் அஞ்சலட்டையில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஓரம்வரை எழுதித் தள்ளினார். ஆயிரம் டாலர் என்பது நான்கு டன்விச் ஹாரருக்கும் மேல். பேரேட்டில் அது வெறும் பற்று. ஆனால் ஆர்க்கம் ஹவுஸுக்கு வந்த முதலீடு எது என்று என்னை எழுதச் சொன்னால் இதைத்தான் முதல் வரியில் எழுதுவேன்.

ஏனென்றால் வாங்கியவர்கள் அந்தக் கடிதங்களின் மறுமுனையில் இருந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், அவர்களைப் போலவே வியர்ட் டேல்ஸின் வாசகர் கடிதப் பக்கத்தில் எழுதியவர்கள். 1926-இல் டெர்லத் முதல் கடிதம் போட்டபோது வயது 17. பதினோரு ஆண்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பின்னாளில் 'சைக்கோ' எழுதிய ராபர்ட் பிளாக் 1933-இல் கடிதம் போட்ட பள்ளி மாணவர். கலிஃபோர்னியாவின் ஆபர்ன் ஊரிலிருந்து கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், டெக்ஸாஸிலிருந்து ராபர்ட் இ. ஹோவர்ட். கைப்பிரதி தபாலில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். படித்தவர் குறிப்பு எழுதிச் சேர்த்து அனுப்புவார். ஸ்மித் 1933-இலேயே தன் கைக்காசு போட்டு 'தி டபுள் ஷேடோ' என்ற சிறு நூலை உள்ளூர் செய்தித்தாள் அச்சகத்தில் ஆயிரம் பிரதி அடித்து 25 சென்ட்டுக்கு விற்றுப் பார்த்தவர். பதிப்பகம் வருவதற்கு முன்பே கூட்டம் இருந்தது.

கூட்டம் இருந்தது சரி. எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. ஆர்க்கம் ஹவுஸின் அச்சு எண்ணிக்கைகள் அதற்கான பதிலைத் தேடுவதாகவே எனக்குப் படுகிறது.

இரண்டாவது புத்தகம் 1941-இல், டெர்லத்தின் சொந்தக் கதைகள்: 1,115. மூன்றாவது 1942-இல் ஸ்மித்: 1,054. நான்காவது 1943-இல் மறுபடி லவ்கிராஃப்ட், 'பியாண்ட் த வால் ஆஃப் ஸ்லீப்': 1,217. முதல் ஐந்து ஆண்டில் நான்கு நூல், மொத்தம் 4,654 பிரதி. 1944-இல் ஒரே ஆண்டில் நான்கு நூல், 7,254 பிரதி. 1945-இல் ஐந்து நூல், 12,135. போர் முடிந்த தெம்பில் 1946-இல் எட்டு நூல். பிரதிகள் 27 ஆயிரத்தைத் தாண்டின. வான் வோக்ட்டின் அறிவியல் புனைகதை 'ஸ்லான்' மட்டும் 4,051. இங்கிலாந்து எழுத்தாளர் வேக்ஃபீல்டின் பேய்க்கதைகளும் நாலாயிரத்துக்கு மேல்.

1,217 பேருக்கு அச்சடித்தவர் மூன்றே ஆண்டில் 27 ஆயிரத்துக்கு அச்சடிக்கிறார். புத்தகம் இருபது மடங்கு ஆகலாம், வாசகர் ஆக மாட்டார். அதே ஆசாமிகள்தான் எட்டுப் புத்தகத்தையும் வாங்க வேண்டும். 1947-இல் வந்த ரே பிராட்பரியின் முதல் நூல் 'டார்க் கார்னிவல்' 3,112 பிரதி, 3 டாலர். அந்தப் பெயருக்காக இன்று எவ்வளவு கொடுக்கவும் ஆள் உண்டு, அன்று இல்லை. போதாக்குறைக்கு 1946 முதல் ஃபேன்டசி பிரஸ், ஷாஸ்டா, நோம் பிரஸ் என்று இதே ரசிகர்களின் பாக்கெட்டை நம்பி வரிசையாகப் புதுப் பதிப்பகங்கள் கிளம்பின. 1948, 49-இல் டெர்லத் ஒரு டாலர் விலையில் 'ஆர்க்கம் சாம்ப்ளர்' என்ற காலாண்டிதழையும் நடத்தினார். எட்டு இதழோடு நின்றது. அறிவியல் புனைகதை இதழ் தவிர மற்றவை 1,200 பிரதிதான். அந்த 1,200 கவனிக்கத் தக்கது.

ஸ்மித்தின் நூல்களை மட்டும் வரிசையாக வைத்தால் பதிப்பகத்தின் காய்ச்சல் ஏறி இறங்கியது தெரியும். 1942: 1,054. 1944: 2,043. 1948: 3,047. 1951-இல் வந்தது கவிதைத் தொகுப்பு: 563. 1958-இல் இன்னொரு கவிதைத் தொகுப்பு: 519. 1960-இல் மீண்டும் கதைகள்: 2,005. கவிதை 500-இல் நிற்பது உலகமெங்கும் நடப்பதுதான். அதற்கு வருந்த ஒன்றுமில்லை. ராபர்ட் இ. ஹோவர்டின் கவிதைகளும் 1957-இல் 636-தான். கதையைப் பாருங்கள். 1953-இல் ஸீலியா பிஷப்பின் 'தி கர்ஸ் ஆஃப் யிக்' அச்சானது 1,217 பிரதி. பத்து ஆண்டுக்கு முந்தைய லவ்கிராஃப்ட் தொகுப்பின் அதே எண், ஒன்று கூடாமல் குறையாமல். தற்செயல்தான். ஆனால் அடுத்த ஆண்டு ஜான் மெட்காஃபின் சிறுநூல் 1,242 என்று அதே அக்கம்பக்கத்தில் நிற்பது தற்செயல் அல்ல.

இந்த எண்களெல்லாம் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் டெர்லத்தே அவற்றை அச்சில் ஏற்றியதுதான். பதிப்பகத்தின் இருபது ஆண்டுக் கணக்கை 1959-இல் ஒரு சிறுநூலாகப் போட்டார். அது 815 பிரதி. முப்பது ஆண்டுக் கணக்கு 1970-இல். எத்தனை அடித்தோம் என்று உண்மையான எண்ணைச் சொல்லும் பதிப்பாளர் எந்த நாட்டிலும் அபூர்வம். எந்த ஓர் ஆண்டிலும் பதிப்பகத்தின் வரவு செலவை ஈடுகட்டியதில்லை, என் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டே முட்டுக்கொடுத்தேன் என்பதும் அவர் வாக்குமூலம். நாவல், துப்பறியும் கதை, சிறுவர் நூல், பத்திரிகைப் பத்தி என்று எழுதிக் குவித்தவர்; நூறு நூலுக்கு மேல். அந்தப் பணம் இங்கே வந்தது.

இதில் ஒரு வரவை மட்டும் நான் கேள்வி கேட்காமல் விட மாட்டேன். 1945-இல் வந்த 'தி லர்க்கர் அட் த த்ரெஷோல்ட்', லவ்கிராஃப்ட்-டெர்லத் கூட்டுப் படைப்பு என்று விற்ற நாவல். 3,041 பிரதி, இரண்டரை டாலர். அதன் சுமார் 50,000 சொற்களில் லவ்கிராஃப்ட் விட்டுச்சென்ற துணுக்குகள் சுமார் 1,200. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. மிச்சம் முழுக்க டெர்லத். அட்டையில் பெயர் போட்டதோ இறந்தவரை முன்னிறுத்தி. தன் சொந்தக் கதைத் தொகுப்பு அதே ஆண்டில் 2,054-க்கு மேல் அடிக்கத் துணியாதவர், லவ்கிராஃப்ட் பெயர் சேர்ந்தால் ஆயிரம் கூட்டி அடிக்கிறார். அந்த ஆயிரம்தான் பெயரின் விலை. இதுபோன்ற 'கூட்டு'களை 1957-இல் தனித் தொகுப்பாகவும் போட்டார், 2,096 பிரதி.

வெளியுலகில் அந்தப் பெயரின் விலை வேறாக இருந்தது. 1945-இல் வேர்ல்ட் பப்ளிஷிங் நிறுவனம் லவ்கிராஃப்ட் கதைகளில் ஒரு தேர்வை மலிவுப் பதிப்பாகப் போட்டது. 67 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. ஆர்க்கம் ஹவுஸ் தன் இரண்டு பெரிய தொகுப்புக்கும் சேர்த்து அடித்தது 2,485. அப்படியென்றால் அந்த 67 ஆயிரம் பேரும் 5 டாலர் புத்தகத்துக்கு வந்திருப்பார்கள் என்று 1946-இன் டெர்லத் எண்ணியிருக்கலாம். எண்ணிக்கையை அவர் ஏற்றிய வேகத்துக்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஆனால் அந்த 67 ஆயிரம் பேர் ரயிலில் படிக்கிறவர்கள். அலமாரியில் வைக்கிறவர்கள் அந்தப் பழைய 1,200 பேர்தான், கொஞ்சம் தள்ளிப் போனால் 2,000.

அறுபதுகளில் கணக்கு அந்த எண்ணில் வந்து உட்கார்ந்தது. 1961-இல் லிவர்பூலிலிருந்து ராம்சே கேம்பெல் என்ற 15 வயதுப் பையன் கதைகளை அனுப்பினான். எல்லாம் லவ்கிராஃப்ட் பாணி, எல்லாம் அவன் கண்ணால் பார்த்திராத மாசசூசெட்ஸில் நடப்பவை. டெர்லத் திருப்பி அனுப்பியிருக்கலாம். உன் ஊரிலேயே நடக்கட்டும் என்று எழுதினார். பையன் இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிரைச்செஸ்டர் என்ற ஊரைக் கற்பனை செய்து கதைகளைத் திருப்பி எழுதினான். ஒரு கதை 1962-இல் தொகை நூலில் வந்தது. 1964-இல் தனி நூல் வந்தபோது அவருக்கு வயது 18. பெயர் தெரியாத பையனின் முதல் புத்தகம். நான்கு ஆண்டுக்கு முன் ஸ்மித்துக்கு அடித்தது 2,005, இவருக்கு 2,009.

கேம்பெல் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார். 1971-இல் ஆர்க்கம் ஹவுஸ் இன்னொரு கடிதத் தொடர்புக்காரரான பிரிட்டிஷ் ராணுவப் போலீஸ் ஊழியர் பிரயன் லம்லியின் முதல் நூலை 3,606 பிரதி அச்சிட்டது. டெர்லத் அந்த ஆண்டு ஜூலை 4 அன்று இறந்தார். லவ்கிராஃப்டின் கடிதங்களை ஐந்து தொகுதியாகக் கொண்டுவரும் வேலையில் அந்த ஆண்டுவரை மூன்று தொகுதிகள் வந்திருந்தன. மற்ற இரண்டும் 1976-இல் வந்தன. ஐந்திலும் சேர்த்து 930 கடிதம், அவையும் பெரும்பாலும் சுருக்கி.